எஞ்சின் மேல் ஒரு சேவல்

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில், குளம் என்று கிளம்பிவிடுவார்கள். சிலர் வீட்டுச் சமையலில் தலையிட்டுப் பேச்சு வாங்கிக்கொள்வார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. மாடி அறையில் உட்கார்ந்து ரயில் எஞ்சின் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். மேஜை மேல் எஞ்சின் நின்றது. கொதிகலன் இருந்தது, சக்கரங்கள் இருந்தன, பின்னால் கரித்தொட்டியும் இருந்தது. ஆனாலும் ஏதோ குறை. மூக்கும் காதும் வைக்காத களிமண் பிள்ளையார் போல அது உட்கார்ந்திருந்தது.

"சின்னச் சாமான் ஒன்றும் இன்னும் வைக்கவில்லை" என்றார் நண்பர். "புகைபோக்கி, நீராவிக் குமிழ், விசில், முன் விளக்கு, நம்பர் பலகை எல்லாம் இனிமேல்தான். பெரிய வேலை ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. சின்ன வேலைக்கு மூன்று வருஷம் ஆகும் போலிருக்கிறது."

"கடையில் கிடைக்காதா?"

"இங்கிலீஷ்காரன் எஞ்சினுக்குக் கிடைக்கும். ஜெர்மன்காரன் எஞ்சினுக்குக் கிடைக்கும். திருச்செந்தூர் பாஸஞ்சருக்கு யார் ஐயா விற்கிறான்?"

நியாயமான கேள்விதான். திருநெல்வேலிச் சீமைக்கு ரயில் வந்தது 1876-ல். மணியாச்சியிலிருந்து ஒரு கிளை பிரிந்து இங்கே வந்தது. 1902-ல் மேற்கே கல்லிடைக்குறிச்சி வரைக்கும், அடுத்த வருஷம் தாமிரபரணியைத் தாண்டி அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை வரைக்கும் பாதை நீண்டது. கிழக்கே திருச்செந்தூருக்கு 1923-ல் வண்டி ஓடிற்று. இவை எல்லாம் மீட்டர் கேஜ் பாதைகள். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். பின்னர் அவை அகலப் பாதைகள் ஆகிவிட்டன. தென்காசிப் பாதை 2012-ல் மாறியது. அந்தக் குறுகிய பாதையில் கரி தின்று ஓடிய எஞ்சின்கள் அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டன. என் வயதுக்காரர்கள் அவற்றைச் சிறு பிள்ளைகளாக இருந்தபோது பார்த்ததோடு சரி.

நண்பர் கட்டுவது அவற்றில் ஒன்று. ஒய்.பி. என்று பெயர். 1949-ல் அமெரிக்காவில் பால்ட்வின் தொழிற்சாலை முதல் எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. பின்னர் வேறு நாட்டுத் தொழிற்சாலைகளும் நம் ஜாம்ஷெட்பூர் டெல்கோவும் செய்தன. 1970 வரைக்கும் மொத்தம் 871 எஞ்சின்கள். கரித்தொட்டியையும் சேர்த்து அறுபது அடிக்கு மேல் நீளம். பெரிய சக்கரத்தின் உயரம் நாலரை அடி.

இதை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்குகிறார் நண்பர். அது என்ன இருபத்திரண்டரை என்று கேட்டேன். பொம்மை ரயில் உலகத்தில் 45 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாதை நெடுங்காலமாக உண்டு. ஒரு மீட்டரை இருபத்திரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய அந்த 45 வந்துவிடும். நூரெம்பர்க் நகரத்து லேமன் கம்பெனி 1968-ல் இதே கணக்கை வைத்துத்தான் தோட்டத்தில் ஓடும் ரயில்களை விற்க ஆரம்பித்தது. ஆகவே நம் மீட்டர் கேஜ் எஞ்சினுக்குத் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கும். எஞ்சினின் மூக்கும் காதும்தான் கிடைக்காது.

ஒரு சாண் உயரமுள்ள விசில் இந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஓர் அங்குலப் பருமனுள்ள கைப்பிடிக் கம்பி ஒரு மில்லிமீட்டர் ஆகிறது. இதிலே ஒரு சங்கடம். எல்லாவற்றையும் கணக்குப்படியே சுருக்கினால் சில உறுப்புகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். கை பட்டால் ஒடிந்தும் விடும். இரண்டு பூச்சு வர்ணம் கூடுதலாகப் பூசினால் நம்பர் பலகையில் எழுத்து மூழ்கிவிடும். எனவே எங்கே கணக்கை மதிப்பது, எங்கே கண்ணை மதிப்பது என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். மூன்று வருஷம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எஞ்சினைப் பார்த்துப் பொம்மை செய்தார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு. 1784 வாக்கில் இங்கிலாந்தில் கார்ன்வால் பிரதேசத்து ரெட்ரூத் என்ற ஊரில் வில்லியம் மர்டாக் என்ற எஞ்சின் வல்லுநர் ஒரு சின்ன நீராவி வண்டி செய்து ஓடவிட்டார். இரவில் மாதா கோயில் பக்கம் அது தீயைக் கக்கிக்கொண்டு ஓட, எதிரே வந்த பாதிரியார் சாத்தான்தான் வந்துவிட்டான் என்று அலறினார் என ஒரு கதை வழங்குகிறது. ரிச்சர்டு டிரெவிதிக்கும் முதலில் சிறு மாதிரிகளைச் செய்து பார்த்துவிட்டுத்தான் 1804-ல் வேல்ஸ் நாட்டில் தண்டவாளத்தின் மேல் முதல் நீராவி எஞ்சினை ஓட்டினார். குழந்தை முன்னால் பிறந்து தகப்பன் பின்னால் பிறந்த விந்தை இது.

ஜெர்மனியில் மெர்க்லின் கம்பெனியார் 1891-ல் லைப்ஸிக் சந்தைக்கு, பாதையின் அகலத்துக்கு இலக்கமிட்டுப் பொம்மை ரயில்களைக் கொண்டுவந்தார்கள். 1898-ல் லண்டனில் மாதிரி எஞ்சின் செய்பவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தோன்றியது. அதை ஒட்டி நார்தாம்ப்டன் நகரத்தில் கொதிகலன் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை பாஸட்-லோக் என்பவர் தபால் மூலம் வியாபாரம் தொடங்கினார். அவர் முதலில் விற்றது முழு எஞ்சின் அல்ல. எஞ்சினுக்கு வேண்டிய சின்னச் சின்ன உறுப்புகள். வீட்டில் உட்கார்ந்து எஞ்சின் கட்டுகிறவனால் கொதிகலனை எப்படியாவது செய்துகொள்ள முடியும், விசிலையும் வால்வையும் செய்வதுதான் பிராணனை வாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாஸட்-லோக் இல்லாத ஊரில் என்ன செய்வது? "அம்பாசமுத்திரம் போகலாம்" என்றேன் நான்.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்கும். என் தங்கை அந்தச் சொப்பில் எனக்கு மண் சோறு போட்டிருக்கிறாள். கடைசல் பட்டறையில் மரத்துண்டு சுழலும். உளியை அணைத்துப் பிடித்தால் சீவல் சுருள் சுருளாகக் கழன்று விழும். உருவம் வந்ததும் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படிந்துவிடும். பிறகு தாழை ஓலையால் ஓர் இழுப்பு. அந்தப் பளபளப்புக்கு அதுதான் ரகசியம். முன்பு கயிற்றைச் சுற்றி ஓர் ஆள் இழுக்க, இன்னோர் ஆள் கடைவார். இப்போது மோட்டார் சுற்றுகிறது.

பட்டறைக்காரர் எங்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சொப்பு, அண்ணாச்சி? உரல்னாலும் குழி இல்ல. குடம்னாலும் கழுத்து இல்ல."

"ரயில் எஞ்சினுக்குப் புகைபோக்கி" என்றார் நண்பர். "பக்கத்தில் இருப்பது நீராவிக் குமிழ்."

"ஓடுமா?"

"ஓட வைக்கத்தான் பாடுபடுகிறேன்."

"அப்ப நடுவுல துளை போட்டுத் தாரேன். புகை போகாட்டாலும் போற மாதிரி இருக்கணும்லா" என்றார் அவர்.

இழைப்பு நெருங்கிய ஒரு மரத்துண்டை எடுத்தார். கால் மணி நேரத்தில் புகைபோக்கி பிறந்தது. விளிம்பில் மேலே ஒரு மெல்லிய வளையம் இருக்க வேண்டும். படத்தில் அது ஒரு கோடுதான். அந்தக் கோட்டுக்காக மூன்று துண்டுகளைக் கெடுத்தார். நாலாவதில் சரியாக வந்தது. கூலி கேட்டபோது ஒரு செட்டுச் சொப்புக்கு என்ன வாங்குவாரோ அதைத்தான் சொன்னார். கெட்டுப்போன மூன்றுக்கும் சேர்த்து நண்பர் கொடுக்கப் போனார். அவர் வாங்க மறுத்துவிட்டார். "அது எனக்குப் பாடம். அதுக்கு நீங்க எதுக்குத் துட்டு தாரீய?" என்றார்.

வண்டி செய்து கொடுப்பது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தச்சன் செய்த சின்னக் குதிரை வண்டி ஒன்று வருகிறது. அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்துக் குழந்தைகள் இன்பம் அடைகிறார்கள். பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குக் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனுக்கும் சிறுதேர் உருட்டக் கொடுத்திருக்கிறார். என் நண்பருக்கு இப்போது நடப்பது அந்தப் பருவம் என்று அவர் வீட்டு அம்மாள் சொல்கிறாள்.

புகைபோக்கியும் குமிழும் வைத்தபின் எஞ்சினுக்கு முகக்களை வந்தது. விசிலைப் பித்தளைக் கம்பியில் நண்பரே கடைந்தார். நம்பர் பலகையில் என்ன எண் எழுதுவது என்று வந்தபோது, ஒரு பெரியவரிடம் கேட்கலாம் என்றார். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் இருக்கிறார் அந்தப் பெரியவர். கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக வேலையில் சேர்ந்து, டிரைவராகி, டீசல் எஞ்சினும் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். எஞ்சினைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சக்கரத்தைத் தொட்டார். கைப்பிடிக் கம்பியை நகத்தால் வருடினார். பிறகு, "சேவலை எங்க?" என்று கேட்டார்.

நாங்கள் விழித்தோம்.

"முன் விளக்குக்கு மேல, தம்பி. பித்தளைச் சேவல். ஒரு சாண் உயரம். அது இல்லாட்டி இது எந்த வண்டியா வேணும்னாலும் இருக்கட்டும், என் வண்டி இல்ல."

அந்தக் காலத்தில் ஒரு எஞ்சினை ஒரே கோஷ்டியிடம் ஒப்படைத்திருப்பது வழக்கம். பெண்டாட்டி, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைவிட எஞ்சினோடு இருக்கும் நேரம் அதிகம். ஆகவே அவரவர் தங்கள் எஞ்சினைச் சிங்காரித்தார்கள். முன்புறக் கதவில் பித்தளை நட்சத்திரம் பதித்தவர்கள் உண்டு. தாமரைப்பூ வைத்தவர்கள் உண்டு. வட இந்தியாவிலும் தென்னாட்டிலும் எடுத்த பழைய புகைப்படங்களில் இவற்றை இன்றும் பார்க்கலாம். நம் பெரியவர் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு, டவுனில் ஒரு பத்தரிடம் சேவல் செய்து வாங்கித் தம் கையாலேயே திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்.

"அந்தச் சேவல் இப்போது எங்கே?"

"வண்டியோட போயிட்டு. டீசல் வந்ததும் இதைக் கண்டம் பண்ணி இழுத்துட்டுப் போனாவ."

"கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாமே!"

"சாமிக்குன்னு வச்சதைக் கழத்தலாமா, தம்பி?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. அதைவிடச் சங்கடம், அந்தச் சேவலுக்குப் புகைப்படம் எதுவும் இல்லை என்பது. அதைப் பார்த்த சாட்சிகள் இரண்டே பேர். பெரியவரும் அவர் மனைவியும். சேவல் வாயைத் திறந்து கூவுகிற மாதிரி இருந்தது என்றார்கள் ஆச்சி. வாய் மூடித்தான் இருந்தது என்றார் பெரியவர். "தினம் துடைச்சவன் நானா, நீயா?" என்றார். "உங்களுக்குச் சோறு கொண்டாந்து கொடுத்துட்டு அதையே பாத்துட்டு நின்னவ நானு" என்றார்கள் ஆச்சி. சரித்திரக்காரர்கள் கல்வெட்டை வைத்துக்கொண்டு சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். கல்வெட்டே இல்லாத சண்டை இது. திருச்செந்தூருக்கு நானும் அந்த வண்டிகளில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சேவல் ஒன்றைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம் கண்ணில் விழுந்த கரித்தூள் ஒன்றுதான்.

அன்று இரவு எனக்கு வேறு ஒரு சேவல் ஞாபகம் வந்தது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் சேவல் அது. ஆதிச்சநல்லூரில் கிடைத்தது.

திருச்செந்தூர் வண்டியில் போகிறவர்கள் செய்துங்கநல்லூரைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் அந்த வட்டாரத்தைக் கடந்துவிடுவார்கள். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்புள்ள பறம்பு. மண்ணுக்கு அடியில் முதுமக்கள் தாழிகள். 1876-ல், அதாவது எங்கள் ஊருக்கு ரயில் வந்த அதே வருஷத்தில், பெர்லினிலிருந்து ஜாகர் என்ற அறிஞர் வந்து முதன்முதலாக அங்கே தோண்டினார். கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். 1915-ல் அவருடைய பட்டியல் அச்சாயிற்று. 2004-ல் மறுபடியும் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. 2023-ல் தாழிகளை இருந்த இடத்திலேயே வைத்துக் காட்டும் கூடமும் திறந்தார்கள்.

ரீயின் பட்டியலில் வெண்கலப் பாத்திரங்கள் வருகின்றன. அவற்றின் மூடிகளிலும் தாங்கிகளிலும் சின்னஞ்சிறு உருவங்கள்: எருமை, ஆடு, சேவல், புலி, மான், யானை, பறக்கிற பறவைகள். எருமைக்குக் கொம்பு வளைந்து நிற்கிறது. மூடியைத் தூக்குவதற்கு ஒரு குமிழ் போதும், பறவை எதற்கு? பாத்திரம் நிற்பதற்கு ஒரு வளையம் போதும், எருமை எதற்கு? அதிலும் இறந்தவரோடு மண்ணுக்குள் போகப்போகிற பாத்திரம். இனி யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் சுமார் இரண்டாயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு முன் தாமிரபரணிக் கரையில் ஒரு கன்னான் அந்தக் கொம்பின் வளைவு சரியாக வரும் வரைக்கும் விடவில்லை. அந்தச் சேவலையும் அங்கே கிடைத்த இரும்பு வேலையும் சேர்த்துப் பார்த்து, முருக வழிபாட்டோடு தொடர்புபடுத்திய அறிஞர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. சேவல் ஒன்று இருந்தது. அது எனக்குப் போதும்.

மூடியின் சேவல் படத்தைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எந்தக் காலத்தது என்று சொல்லவில்லை. "இது மாதிரிதான். வாலு மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கி" என்றார். ஆச்சியும் ஒப்புக்கொண்டார்கள். வாய் விஷயத்தில் மட்டும் சமாதானம் ஏற்படவில்லை.

ஒரு சென்டிமீட்டர்ச் சேவலைக் கடையவும் முடியாது. தகட்டில் வெட்டவும் முடியாது. வார்க்கத்தான் வேண்டும். முதலில் மெழுகில் உருவம் செய்ய வேண்டும்; அதைச் சுற்றி மண் அப்ப வேண்டும்; சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும்; அது விட்டுப்போன பள்ளத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன் மெழுகும் குங்கிலியமும் கலந்து, காவிரி வண்டல் அப்பி, இன்றும் இப்படித்தான் சாமி வார்க்கிறார்கள். ஆதிச்சநல்லூர் உருவங்களும் மெழுகு வைத்து வார்த்தவையே என்கிறார்கள் உலோகக் கலை தெரிந்தவர்கள்.

இந்த முறை மேல்நாட்டுப் பொம்மை எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்த வழி வேடிக்கையானது. 1907-ல் அமெரிக்காவில் வில்லியம் டாகர்ட் என்ற பல் வைத்தியர், சொத்தைப் பல்லின் குழிக்கு மெழுகில் அளவெடுத்துத் தங்கம் வார்த்து அடைக்கும் முறையைக் காட்டினார். பல் வைத்தியரிடமிருந்து அது நகைத் தொழிலாளிக்குப் போயிற்று. நகைப் பட்டறையிலிருந்து, 1950-களை ஒட்டி, மாதிரி எஞ்சின் செய்பவர்களுக்கு வந்தது. கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ நகரத்துக் கெம்ட்ரான் கம்பெனி மெழுகு முறையில் வார்த்த பித்தளை உறுப்புகளை விற்று அந்த உலகத்தையே மாற்றியது. கைக்கு அடங்காத நுணுக்கமெல்லாம் வார்ப்பில் வந்தன. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, பிசினில் அச்சிட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிசின் உருவத்தையே மெழுகுக்குப் பதிலாக வைத்து வார்ப்பதும் உண்டு. மண்ணும் நெருப்பும் மட்டும் மாறவில்லை.

டவுனில் ஒரு நகைப் பட்டறையில் சொல்லி வைத்தோம். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் மெழுகு செதுக்குகிற பையன் ஒருவன் சேவலைச் செதுக்கினான். முதல் வார்ப்பில் வால் வரவில்லை. நுனி மெல்லிசாக இருந்ததால் உலோகம் அங்கே போய்ச் சேருவதற்குள் உறைந்துவிட்டது. இரண்டாந் தடவை வாலுக்கென்று தனியாக ஒரு வாய்க்கால் விட்டு வார்த்தான். வயலில் கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரிதான். வால் வந்தது. வாய் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? அந்த அளவில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. பையனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நண்பர் என் கையை அழுத்தினார்.

எஞ்சினில் ஒரு நூல் துளை போட்டு, சேவலை நேராக நிறுத்தி, மறுபடியும் மீனாட்சிபுரம் போனோம். இந்தத் தடவை பெரியவர் கண்ணாடியைத் தேடவில்லை. ஒரு விரலால் சேவலைத் தொட்டார்.

"நேரா நிக்கே" என்றார்.

"நேராக நிற்கக்கூடாதா?"

"துளை போடத் தெரியாம நான்தான் கோணலாப் போட்டுட்டேன். வலது பக்கமாச் சாஞ்சு நிக்கும். ஷெட்டுல எல்லாரும் கேலி பண்ணுவானுவ. கடைசி வரைக்கும் அப்படியேதான் ஓடிச்சு."

"ஆமா, சாஞ்சுதான் இருக்கும்" என்றார்கள் ஆச்சி உள்ளேயிருந்து. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனார்கள்.

நண்பர் பையிலிருந்து குறடை எடுத்தார். நேராக வைப்பதற்கு ஒரு முழு நாள் அளந்தவர் அவர். பெரியவர் "போதும்" என்று சொல்லும் வரைக்கும் சேவலை மெதுவாக வலது பக்கம் சாய்த்தார். பிறகு பெரியவர் நம்பரைச் சொன்னார். காகிதத்தைப் பார்க்காமல், வீட்டுக் கதவிலக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

871 எஞ்சின்களும் ஒரே படத்தைப் பார்த்துச் செய்தவை. அந்தப் படம் எங்கேயாவது இருக்கும். காட்சிக்கென்று நிறுத்தி வைத்த எஞ்சின்கள் சிலவும் இருக்கின்றன; வேண்டுமானால் போய் அளந்துகொள்ளலாம். வலது பக்கம் சாய்ந்த சேவல் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. மீனாட்சிபுரத்தில் இரண்டு பேருடைய மனசிலேதான் இருந்தது. ஆதிச்சநல்லூரில் அந்த எருமைக்கும் சேவலுக்கும் கதை சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. யாருடைய எருமை அது, யார் வளர்த்த சேவல் என்று கேட்க நாம் வெகு தாமதமாகப் போனோம். இங்கே கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டோம் என்று நினைக்கிறேன்.

எஞ்சின் இப்போது பெரியவர் வீட்டில்தான் இருக்கிறது. நண்பர் அடுத்த எஞ்சினுக்குத் தகடு வெட்ட ஆரம்பித்துவிட்டார். நேற்று போனபோது, செங்கோட்டைப் பக்கத்தில் பழைய ஃபயர்மேன் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார்.